கீழ்வீட்டு லிஃப்ட்காரரும் ஏழரை மணிச் செய்தியும்

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. ஆனால் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர் ஒருவர் இரண்டாம் மாடியில் குடியிருந்தார். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். படியில் மூச்சு வாங்க ஏறி வரும்போது, "ஊரையெல்லாம் மேல ஏத்தி விட்டேன், என்னை ஏத்தி விடத்தான் ஆளில்லை" என்பார். அவர் வீட்டுக்கு நேர் மேலே என் வீடு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை எனக்கு. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும் என்பதால் காலையில் வீட்டில்தான் இருப்பேன்.

காதுதான் அவருக்குப் பிழைப்பு. ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். மோட்டார் அறைகளின் இரைச்சல் அவருடைய இடது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்றபோது வலது காது மட்டும் மிச்சம்.

மனைவி இறந்து எட்டு வருடம். ஒரே மகள். அம்மா இறந்த வருடமே அவளுக்குத் தூரத்து நகரத்து வானொலி ஒன்றில் வேலை கிடைத்து, அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். அந்தக் குற்ற உணர்வு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை அதே வேலை வந்தபோது, அவரே பெட்டியைக் கட்டி பஸ் ஏற்றிவிட்டு வந்தார். "போகலைன்னா உன்கூடப் பேச மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

தினமும் காலை ஏழரை மணிச் செய்தி அவளுடையது. அந்த நிலையம் டிஜிட்டலில் மட்டும்தான் ஒலிபரப்பியது. வீட்டிலிருந்த பழைய ரேடியோவில் அது வராது.

"சின்னதா ஒரு டிஜிட்டல் ரேடியோ வாங்கினாப் போதும்ப்பா" என்றாளாம் மகள்.

"உன் குரலைத் தகர டப்பாவுக்குள்ளயா கேக்கச் சொல்றே?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியுமாய்ச் சேர்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபையரும், முழங்கால் உயர ஸ்பீக்கர்கள் இரண்டும் அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தன. அதோடு பொருத்த, நிலையத்தைப் பிடித்துத் தரும் டிஜிட்டல் ட்யூனர் ஒன்று வாங்கி வந்தார். புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. முகப்பில் பச்சை எழுத்து ஓடும் சின்னத் திரை. சிவப்பும் வெள்ளையுமான ஒயர்களை அவசரத்தில் ஆம்ப்ளிஃபையரின் இசைத்தட்டுத் துளையில் சொருகிவிட்டு, காது கிழிகிற கரகரப்பில் அவரே துள்ளி எழுந்தார். பிறகு பக்கத்துத் துளைக்கு மாற்றினார். அப்போதும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கொப்பளித்தது. என்னைக் கூப்பிட்டார். நான் ஏரியல் ஒயரைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நகர, அவர் திரையில் சிக்னல் கோடுகளை எண்ணினார்.

"அப்படியே நில்லுங்கம்மா! மூச்சு விடாதீங்க!"

"எவ்வளவு நேரம் அண்ணே?"

"அவ ரிட்டயர் ஆகற வரைக்கும்" என்று சிரித்தார்.

கடைசியில் ஒயரை ஜன்னல் சட்டத்தில் நெடுக்காக ஒட்டியதும் குரல் துலங்கியது. மறுநாள் ஏழரைக்கு மகள் அந்த இரண்டு ஸ்பீக்கர்களிலும் வந்தாள். திரையில் 'காலைச் செய்தி, வாசிப்பவர்' என்று தொடங்கி அவள் பெயர் வலமிருந்து இடமாக நகர்ந்துபோனது. அவர் அழுதார். முடிந்தவுடன் போனில், "நல்லா இருந்துச்சும்மா. கடைசிச் செய்தியில மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டே" என்று எழுதி அனுப்பினார். அதுவே தினசரி வழக்கமானது. ஒன்றரை மாதம் அப்படிப் போயிற்று. என் வீட்டுத் தரை வழியாக அவள் குரல் எனக்கும் பழகிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எழுந்தபோது வலது காதும் இல்லை. முந்தைய நாள் லேசாக அடைத்த மாதிரி இருந்ததாம், அவ்வளவுதான். ஒருவரிடமும் சொல்லவில்லை. மகளுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள், வேலை போய்விடும் என்ற ஒரே பயம். போன் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது, இனி எழுதியே அனுப்பு என்று அவளுக்குச் செய்தி போட்டார். படியில் என்னைப் பார்த்தால் சிரித்துத் தலையாட்டுவார். என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்ததை நான் கவனித்தேன், ஆனால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே, கீழே கேட்ட ஏழரை மணிச் செய்தியில் குரல் மாறிவிட்டது. கனத்த ஆண் குரல். அவளுக்கு விடுமுறையாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் என் அலமாரியில் தம்ளர்கள் நடுங்கவே, பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன்.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தாழிடாமல் இருந்தது, திறந்தேன். தரையில் சம்மணம் போட்டு, ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை ட்யூனர் திரையில் நிறுத்தியிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. பாப்பா வாசிக்கிறா."

ஆண் குரல் அறையே அதிர முழங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது ஆம்பளைக் குரலாச்சே?"

அவர் சிரித்தார். "ஆமா, இன்னிக்கு ரொம்பத் தெளிவு."

அவருக்குக் காது கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ட்யூனர் பெட்டிக்குள் வந்த விளக்கக் காகிதம் பக்கத்தில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில், 'வாசிப்பது பாப்பா இல்லை. ஒரு ஆள்' என்று எழுதிக் காட்டினேன். இன்னும் நயமாக எழுதியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அவர் அதைப் படித்தார். திரையைப் பார்த்தார். "பேர் ஓடுதேம்மா" என்றார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்து, வேறொருவர் வீட்டுப் பொருளைத் தொட்டுவிட்டதுபோல மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

ஒரு வாரம் என்று ஏழு விரல்களைக் காட்டினேன்.

"ஒரு வாரமா நல்லா இருந்துச்சுன்னு எழுதிட்டிருக்கேன். அவ ஒரு வார்த்தை சொல்லலையே." காகிதத்தை என்னிடமே நீட்டினார். "வேலை போயிருக்கும்மா. நான் தாங்க மாட்டேன்னு மறைக்கிறா. அவளா சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியவேண்டாம். என் காது விஷயமும் அவளுக்குத் தெரியவேண்டாம். நீங்க சத்தியம் பண்ணுங்க."

டாக்டர் என்று எழுதினேன். கையை வீசினார். "இடது காதுக்குத்தான் போனேனே. வயசுன்னாங்க. இதுக்கு மட்டும் புதுசா என்ன சொல்லப் போறாங்க?" நான் சத்தியம் செய்தேன். காது போய் அது பதினோராவது நாள் என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் தினமும் ட்யூனரைப் போட்டார். பெயர் ஓடுவதைப் பார்த்தார். ஏழே முக்காலுக்கு மகளுக்குச் செய்தி அனுப்பினார். "இன்னிக்கும் நல்லா இருந்துச்சும்மா."

பத்தொன்பதாவது நாள் மகள் வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. படியில் பெட்டியோடு அவளைப் பார்த்தபோது ஏழரை ஆகியிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, அப்பாவுக்கு ஏதாவது புத்தி தடுமாறுதா?" என்று கேட்டாள். வேலை போனதைச் சொன்னாள். எல்லா ஊர் நிலையங்களுக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரே செய்தி வாசிக்கும்படி செய்துவிட்டார்களாம். திரையில் ஓடும் வரியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. "நான் வாசிக்கவே இல்லை. ஆனா தினம் நல்லா வாசிச்சேன்னு எழுதறார். எனக்குப் பயமா இருக்கு."

நான் பதில் சொல்லுமுன் மணியை அழுத்தினாள். மூன்று முறை. பிறகு தன் சாவியால் திறந்தாள்.

அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் ஏதோ மழைச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பெயர் பச்சை எழுத்தில் ஓடியது.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"அப்பா... அப்பா!"

ஆறடி தூரம்கூட இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. தரை அதிர்ந்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவுடன் முதல் காரியமாக, திருட்டுத்தனம் பிடிபட்டவரைப்போல் ட்யூனரை அணைத்தார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். காது மருத்துவர் தாளில் எண்களை எழுதிக்கொண்டே, எப்போது போயிற்று என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பத்தொன்பது நாளாயிற்று, எனக்குப் பதினோராம் நாள் தெரிந்தது என்று சொன்னேன். "இப்படித் திடீர்னு போறதுக்கு மருந்து இருக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம். உறுதி சொல்ல முடியாது. ஆனா பாத்திருக்கலாம்" என்றார். இப்போதும் மருந்து கொடுத்தார்கள். பலிக்கவில்லை. கருவி வைத்தும் இரைச்சலைத் தவிர எதுவும் எட்டவில்லை.

வெளியே வராந்தாவில் மகள் அப்பாவின் எதிரே நின்று கத்தினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஒரே ஒரு வார்த்தை!"

அவர் அவள் உதடுகளைப் படித்தார். "நீயும்தான் சொல்லலை" என்றார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "பதினோராம் நாளே உங்களுக்குத் தெரியும் இல்லக்கா?" அவ்வளவுதான் கேட்டாள். பதினொன்றிலிருந்து பதினான்கு வரை மூன்று நாட்கள் என் கையில் இருந்தன. சத்தியத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் பல மாதம் என்னோடு பேசவில்லை. அதில் தப்பேதும் இல்லை.

அவள் திரும்பிப் போகவில்லை. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் வேலையில் சேர்ந்தாள். ஒருநாள் ட்யூனர் திரையிலும் பெயர் மாறிவிட்டது. அவர் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டி, எல்லாவற்றையும் முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்து, படியில் மூச்சு வாங்க நின்றவர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"அவ பேசறப்ப வாயைப் படிச்சுடுறேன்ம்மா. ஆனா குரல் மறந்துட்டே வருது. அவ அம்மா குரல் இருக்கு, பழைய மோட்டார்ச் சத்தமெல்லாம்கூட இருக்கு. இவளோடதுதான் நழுவுது. நீங்க கேக்கறீங்கல்ல? எப்படி இருக்கும்னு எழுதுங்களேன்."

நோட்டைச் சுவரில் அண்டக் கொடுத்தேன். 'கொஞ்சம் கனம். வார்த்தை முடிகிற இடத்தில் லேசாக இறங்கும். உங்கள் குரல் சாயல்' என்று எழுதினேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"என் குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

நான் நோட்டை மறுபடி வாங்கினேன். எழுத ஒன்றும் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் என் தோளைத் தட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கினார்.