சிஸ்டரின் முழங்காலுக்கு ஒரு கிராங்க்

அந்தத் தையல்காரரை எல்லோரும் 'அரைவிரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அளவை எடுத்தாலும் அரைவிரல் கூட்டித்தான் வெட்டுவார். துணி கூடுதலாக இருந்தால் உள்ளே பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், குறைந்துபோனால் யார் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது என்பது அவர் கட்சி. தையலில் மட்டுமல்ல, குடும்பம் நடத்துவதிலும் மனிதர் அப்படித்தான். வானம் கறுத்தால் இரண்டு குடை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண் கட்டிவிட்டு வரும் நர்ஸ். பெயரே 'சைக்கிள் சிஸ்டர்'. ஒருநாள், ஓரமாக நின்றிருந்த காரின் கதவை யாரோ பின்னால் பார்க்காமல் திறக்க, அதில் மோதி விழுந்து வலது முழங்கால் சில்லு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அரைவிரலின் கண்ணில் முதலில் பட்டது, தான் தைத்துக் கொடுத்த வெள்ளை யூனிஃபார்ம். அதைக் கோணல்மாணலாகக் கத்தரித்து மூலையில் போட்டிருந்தார்கள். அது முழுக்க ரத்தம். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் முன்போல மடங்கவில்லை. பெடல் மேலே வரும்போது முழங்கால் பாதியிலேயே அடம்பிடித்து நின்றுவிடும். சுற்று முழுதாக வராமல் எங்கே சைக்கிள் ஓட்டுவது? காலுக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் ஒரு வழி சொன்னாள். பெடலைத் தாங்குகிற கிராங்க் கட்டையைக் குட்டையாகப் போட்டால் கால் அவ்வளவு உயரம் வர வேண்டியதில்லை. மெதுவாக ஓட்டுவது காலுக்கும் நல்லதுதான் என்றாள்.

சிஸ்டருக்கு அவசரம். திங்கட்கிழமை சைக்கிளோடு வந்து நிற்காவிட்டால் அவளுடைய தெருக்களை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு அவளை மருந்து அறையில் உட்காரவைத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தாள். நாள் முழுக்க மாத்திரை எண்ணினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், சைக்கிள்தான் வேண்டும் என்று சிஸ்டர் ஒற்றைக் காலில் நின்றாள். அப்போது அவளால் அப்படித்தான் நிற்கவும் முடிந்தது.

அரைவிரலுக்கு மருந்து அறை என்ற பேச்சே காதில் தேனாகப் பாய்ந்தது. நாலு சுவர், ஒரு மின்விசிறி, அங்கே கார் கிடையாது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல ஏது தைரியம்? மென்று விழுங்கிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் பழைய கிராங்க் செட்டைக் கழற்றி, அச்சின் முனையைத் துடைத்துப் பார்த்தார். முனை சதுரம், அதனால் சதுர ஓட்டை உள்ளதுதான் சேரும் என்றார். முதலில் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் குட்டைக் கிராங்க்கை எடுத்தார். அதில் பெடல் போகும் துளை சிறியது, சிஸ்டரின் பெடல் ஏறவே இல்லை. அடுத்ததை மாட்டினால் பல்சக்கரம் ஃபிரேமில் உரசியது. இன்னொன்று வெளியே தள்ளி நின்றது. பின் சக்கரத்துப் பல்லுக்கு நேராக இல்லாவிட்டால் செயின் நடுரோட்டில் கழன்றுகொள்ளும் என்றார் கடைக்காரர். நடுரோடு என்றதும் அரைவிரலுக்கு வியர்த்தது. ஆனாலும் ஒவ்வொன்றும் சேராமல் போகப்போக, அவருக்கு உள்ளுக்குள் ஏதோ லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒன்று எல்லாவற்றுக்கும் பொருந்தித் தொலைத்தது.

"இதுல ரெண்டு நீளம் இருக்கு. பதினஞ்சு சென்டிமீட்டர், பதினாறு. எதுன்னு நீங்கதான் சொல்லணும் டெய்லரே. முழங்கால் உங்க வீட்ல இருக்கு, என் கடையில இல்ல" என்றார் கடைக்காரர்.

வீட்டுக் கூடத்தில் சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, மனைவியை ஏற்றி உட்காரவைத்தார். அவள் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல மேலே தூக்கினார். அவள் முகம் சுளித்த இடத்தில் நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். கால் நீண்டு இறங்கிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தார். அதில் பாதிதான் கிராங்க்கின் நீளம். சரியாகப் பதினைந்து. டேப் பொய் சொல்லாது.

மறுபடி கடைக்குப் போய் நின்றபோது, "பதினாறே குடுங்க" என்றது அவர் வாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரர் புதிய செட்டைப் பூட்டி, செயினைக் குறைத்துக் கொடுத்தார். வாசலில் சிஸ்டர் ஏறி உட்கார்ந்தாள். அரைவிரல் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெடல் கீழே போனது, பின்னால் சுற்றி மேலே வந்தது. உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் பல்லைக் கடித்து இன்னொரு தடவை அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை. பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம் அது.

"எவ்வளவு அளந்தீங்க?"

அவர் அசடு வழிய ஹேண்டில்பாரைத் துடைத்தார். "பதினஞ்சு."

"இது?"

"பதினாறு."

அவள் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரிந்தே செய்தீர்களா என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. கைப்பழக்கமா, மனசில் இருந்த களவா என்று எவ்வளவு கிளறிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

"நீ ரோட்ல போறேன்னு நினைச்சாலே எனக்கு ஊசியில நூல் கோக்க முடியல" என்றார்.

சிஸ்டர் சைக்கிளை விட்டு இறங்கிப் படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயம்தான். நிக்கிற கார் எதைப் பாத்தாலும் உடம்பு உதறுது. என் பயத்தை நான் எப்படியாவது மிதிச்சுக்கிட்டுப் போயிடுவேன். உங்க பயத்தையும் சேத்து மிதிக்க இந்தக் காலால ஆகாதுங்க."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கே போனார். பதினைந்தைப் போடச் சொன்னபோது கடைக்காரர், முழங்கால் ஒரே நாளில் சுருங்கிவிட்டதா என்று கிண்டல் செய்தார். அரைவிரல் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சாயங்காலம் சிஸ்டர் மிதித்தாள். பெடல் மேலே வந்தது, முழங்கால் உச்சியில் லேசாக யோசித்தது, தாண்டிவிட்டது. அவள் தெருவை இரண்டு தடவை சுற்றி வந்தாள். அவர் ஒரு தடவைதான் மூச்சு விட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் மருந்துப் பெட்டியைக் கூடையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"பின்னாடி வர்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் மருந்து ரூமுக்கே போயிடுறேன்."

அவர் செருப்பைக் கழற்றி வைத்தார்.

அவள் போன பிறகு தையல் மிஷினில் உட்கார்ந்தவர், ஒரே சட்டைக் காலரை மூன்று தடவை பிரித்தார். தெருவில் எந்தக் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலும் கால் மிதிபலகையில் நின்றுபோனது. மதியத்துக்கு முன்னால் போன் அடித்தது. திரையில் அவள் பெயர். சட்டையை அப்படியே போட்டுவிட்டு எடுத்தார்.

"பாலத்து மேட்டுல இறங்காமலே ஏறிட்டேங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

ஓரமா நில்லு, பாத்து வா, போதும் திரும்பிடு என்று எல்லாமே நாக்கு நுனிவரை வந்து நின்றன.

"சரி" என்றார். "அடுத்து எந்த வீடு?"