காலிக் கூடை வந்தா தான் சரக்கு

கஸ்தூரிக்கா போயிட்டாங்க.

காலைல கடை ஷட்டரைத் தூக்கும்போது அவங்க பொண்ணு ரேவதி போன் பண்ணா. "அம்மா தூக்கத்துலயே பூட்ச்சு மாமா..."

தி.நகர்ல எங்க மேட்சிங் சென்டருக்கு வந்து ரவிக்கை பிட் எடுத்தவங்களுக்கு அவங்க முகம் தெரிஞ்சிருக்காது. கீழ்த்தளத்துல இருக்கிற குடோன் தான் அவங்க ராஜ்ஜியம்.

ஆனா குரல் கேட்டிருப்பீங்க. நொச்சிக்குப்பத்துல ரோட்டோரம் மீன் வித்து வளர்ந்த குரல். லிஃப்ட் இல்லாமலே மாடிக்கு வரும்.

நான் மேல கவுன்ட்டர் பாக்கிறவன். சண்டை போடாத நாளே கிடையாது.

அவங்க வர்றதுக்கு முன்னாடி எங்க கடை லட்சணம் இருக்கே! குடோன்ல வாடாமல்லி கலர் குவிஞ்சு கிடக்கும், கஸ்டமர் கேக்குற அரக்கு மட்டும் இருக்காது. "ரெண்டு நாள்ல வந்துடும்மா"ன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கும்.

ஒரு நாள் அக்கா ஆட்டோ நிறைய சிவப்பு பிளாஸ்டிக் கூடையோட வந்து இறங்கினாங்க. மீன் கூடை... புதுசு தான், பயப்படாதீங்க.

நல்லா ஓடுற கலருக்கு மட்டும் ரெண்டு ரெண்டு கூடை. கைப்பிடில அந்தக் கலர் துணி ஒரு துண்டு கட்டியிருக்கும். ஒரு கூடை மேல என்கிட்ட, இன்னொண்ணு கீழ நிரம்பி ரெடியா இருக்கும்.

மேல காலியானா கூடை கீழ போகணும், நிரம்பினது மேல வரும். காலிக் கூடை வராம ஒரு பிட் தர மாட்டாங்க, புது ஆர்டரும் போட மாட்டாங்க. அவ்ளோ தான் சிஸ்டம்.

எங்க முதலாளி திருநெல்வேலிப் பக்கம், எல்லாருக்கும் அண்ணாச்சி. கூடைகளைப் பாத்துட்டு, "ஏம்மா, இது துணிக்கடையா மீன் மார்க்கெட்டா?"ன்னார்.

"மீன் மீந்துச்சுனா நாறும் அண்ணாச்சி, அதனால பாத்து எடுப்போம். துணி மீந்தா நாறாது, அதான் யாருக்கும் தெரில. உன் குடோன் பூரா அழுவிக்கினு தான் கீது!"

அண்ணாச்சிக்குக் கோபமும் வந்துது, சிரிப்பும் வந்துது. "சரி, வர்ற முகூர்த்த சீசன்ல பாப்போம். கலர் இல்லைன்னு ஒருத்தர் திரும்பிப் போனாலும் கூடையெல்லாம் வெளிய."

"கூடையோட நானும் வெளிய"ன்னாங்க அக்கா, கொஞ்சம் கூட யோசிக்காம. ரேவதி அப்போ காலேஜ் படிச்சிட்டிருந்தா, வீட்டுக்கு இவங்க சம்பளம் ஒண்ணு தான்.

இன்னொண்ணு... அவங்க வெள்ளைக் கர்ச்சீப். புது லாட் வந்தா கர்ச்சீப்பை நனைச்சு துணில தேய்ப்பாங்க, சாயம் ஒட்டுச்சுன்னா மொத்த லாட்டும் வந்த வண்டிலயே திரும்பிப் போகும்.

"அதே கர்ச்சீப்ல மூஞ்சி துடைப்பீங்களா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "மூஞ்சிக்கு முந்தானை கீது நைனா, இது துணியோட மூஞ்சி துடைக்க"ன்னாங்க.

டீக்கும் கூடை ரூல் தான். காலி ஃபிளாஸ்க் கீழ வந்தா தான் டீ. யாரோ அதை மாடிலயே மறந்து வச்சதுல ஒரு நாள் கடை முழுக்க டீ கிடையாது... அக்காவுக்கும் சேத்து தான்!

சீசன் வந்தது. முதல்ல பயந்தது யாருன்னு நினைக்கிறீங்க? அண்ணாச்சி தான்.

ரகசியமா அதே மாதிரி ஒரு கூடை வாங்கி, அரக்குத் துணி கட்டி, என்கிட்ட குடுத்தார். "கீழ அனுப்புப்பா, ஒரு பங்கு சேத்து வரட்டும்."

கூடை திரும்பி வந்தது. உள்ளே நல்லா கட்டின ஒரு பார்சல்... கருவாடு!

"கள்ளக் கூடைக்குக் கருவாடு தான் நைனா! நான் போடுறது வலை முடிச்சு, இது இன்னா பூ கட்டுற முடிச்சா?"ன்னு கீழ இருந்து சத்தம்.

கவுன்ட்டர்ல நின்ன மயிலாப்பூர் மாமி மூக்கைப் பொத்திண்டு, "என்னமோ வாடை வரதே?"ன்னாங்க. "புதுச் சாயம் மாமி"ன்னு சமாளிச்சேன். அண்ணாச்சி பார்சலை வீட்டுக்குக் கொண்டுபோனார், மறுநாள் "குழம்பு நல்லா இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

அதே வாரம் தான் நிஜமான சோதனை. ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமா வந்து அரக்குக் கூடையைக் காலி பண்ணிட்டுப் போச்சு. பின்னாடியே இன்னொரு கல்யாணப் பொண்ணோட அம்மா, அரக்குப் புடவையோட நிக்கிறாங்க.

அண்ணாச்சி கல்லாவுல இருந்து என்னையே பாக்குறார். "அக்கா... அரக்கு!"ன்னு கத்திக்கிட்டே காலிக் கூடையோட படி இறங்குறேன்.

பாதிப் படில எதிர்ல வர்றாங்க. தலைல நிரம்பின அரக்குக் கூடை, மேல கூட்டச் சத்தம் கேட்டே கிளம்பிட்டாங்க போல. என்னைத் தாண்டி நேரா அந்தம்மா முன்னாடி இறக்கி வச்சு, "எத்தினி வோணும் தாயி?"ன்னாங்க.

அந்த சீசன்ல கலர் இல்லைன்னு ஒருத்தரும் திரும்பிப் போகல. பார்க்கிங் கிடைக்காம ஒருத்தர் போனார். "அது என் டிபார்ட்மென்ட் இல்ல"ன்னாங்க அக்கா. அடுத்த மாசம் உள்பாவாடை செக்‌ஷனுக்கும் கூடை வாங்கச் சொன்னார் அண்ணாச்சி.

ரெண்டு வருஷம் முன்னாடி முட்டி வலின்னு வேலையை விட்டாங்க. கூடை மட்டும் இன்னும் ஓடிட்டு தான் இருக்கு.

இன்னைக்கு மதியம் நொச்சிக்குப்பம் போனோம். அண்ணாச்சி தான், "பூவை அந்த அரக்குக் கூடையிலயே எடுத்துட்டு வாப்பா"ன்னார்.

எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது ரேவதி கூடையைக் கழுவித் துடைச்சு என் கைல குடுத்தா. "எடுத்துனு போ மாமா. காலிக் கூடை இங்க நின்னா அம்மா திட்டும்."

இப்போ அது என் கவுன்ட்டர்ல இருக்கு. கீழ அனுப்பினா நிரம்பி வந்துடும்... இன்னைக்கு ஒரு நாள் காலியாவே இருக்கட்டும்னு அனுப்பல.

போய்ட்டு வாங்கக்கா.