பஞ்சு புகாத டிவி

போன வாரம் ஒரு மத்தியானம், பாப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டு ஏர் பியூரிஃபையரில், சுத்தம் செய்யச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதை வாங்குவதற்கு முன் நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். விலை கூடினாலும் பரவாயில்லை, வருடக்கணக்கில் பழுதாகாமல் ஓட வேண்டும் என்று, முகம் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களையெல்லாம் படித்தேன். ஒருவர் அருமை என்பார். அடுத்தவர் ஆறே மாதத்தில் நின்றுபோனது என்பார். நான் இருவரையும் நம்புவேன். "மாப்பிள்ளை பாக்கறப்போ என்னையப் பத்திக்கூட நீங்க இத்தன விசாரிச்சிருக்க மாட்டீங்க" என்றார் என் கணவர்.

அதோடு வந்த புத்தகத்தில் சொன்னபடி பின்பக்கத்தைத் திறந்து சல்லடையை வெளியே எடுத்தேன். சாம்பலும் வெள்ளையுமாகப் பஞ்சு, ஒரு மெல்லிய போர்வைபோல் படிந்திருந்தது. திருப்பூரில் எந்த மாடியில் குடியிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தேன் என்று கேட்காதீர்கள், பிள்ளை பெற்றதிலிருந்து எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கிறேன். மற்றவர்களுக்கு அது வெறும் தூசி நாற்றமாக இருந்திருக்கும். எனக்கு, மிஷின் எண்ணெயும் புதுப் பனியன் துணியும் கலந்த வாசம். வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கும் என் அம்மாவின் கழுத்து வாசம்.

அம்மா பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டினாள். எங்கள் லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கமே கம்பெனி. பெரிய வட்ட மிஷின்களில் நூல் கோன்கள் சுற்றிலும் நிற்க, துணி கீழே குழாய்போல் இறங்கும். நூலிலிருந்து பறக்கும் பஞ்சு, மார்கழிப் பனிபோல் விளக்குகளைச் சுற்றி மிதக்கும். அம்மா வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் நரைத்திருக்கும். முகம் கழுவினால் மறுபடி இளமையாகிவிடுவாள். சின்ன வயதில் அதை ஒரு மந்திரம்போல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா அதே கம்பெனியின் டெம்போவை ஓட்டினார். துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவதும், அங்கிருந்து எடுத்துவருவதும்தான் வேலை. பொங்கலூர்ப் பக்கத்து மனிதர். "வாங்குனா ஒருக்கா வாங்கோணும், அதையும் நல்லதா வாங்கோணும்" என்பது அவர் கொள்கை. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளி போனஸுக்கு அவர் வாங்கிவந்தது, எங்கள் லைனில் யாரும் கண்டிராத டிவி. பெட்டி டிவிதான், ஆனால் பெரிய தட்டைத் திரை, இரு பக்கமும் ஸ்பீக்கர், ஜப்பான் கம்பெனி. இரண்டு ஆட்கள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. வீட்டில் உட்கார இடம் குறைந்துபோனது. "டிவி உள்ள இருக்கட்டுங்க, நாம வெளிய இருந்துக்கலாம்" என்றாள் அம்மா.

டிவியை இறக்கிய கடைக்காரர் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "எத்தன நல்ல பொருளா இருந்தாலுமுங்க, இந்த ஊருல பஞ்சுதான் எமன். உள்ள பூந்துதுன்னா போச்சு."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே வெட்டுத் துணி வாங்கிவந்து, வீட்டுத் தையல் மிஷினில் டிவிக்கு ஒரு உறை தைத்தாள். எங்கள் ஊரில் இது புதிதல்ல. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாமே ஏற்றுமதியில் கழிந்த துணியைத்தான் உடுத்திக்கொண்டிருக்கும். ஆனால் அம்மா தைத்த உறை சட்டைபோல் அளவெடுத்துத் தைத்தது. ஸ்பீக்கருக்குத் தனி மடிப்பு, அடியில் எலாஸ்டிக். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த வருடத்து ஆர்டர் துணியில் புது உறை. எங்களுக்குத் தீபாவளிக்குத்தான் புதுத்துணி. டிவி எங்களை முந்திக்கொள்ளும்.

பார்த்து முடித்ததும் உடனே உறை போடமாட்டாள். சூடாக இருக்கும்போது மூடினாலும் கெட்டுவிடுமாம். டிவியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைப்பதைப்போல. ஆறியதும் மெதுவாக மூடுவாள். "ஏம்புள்ள, அதுக்குத் தாலாட்டும் பாடீரு" என்பார் அப்பா.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. எட்டாவது படிக்கும்போதா, அதற்கு முன்னாலேயா? அந்த லைனில் எல்லாரும்தான் இருமினார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் மிஷின் ஓடுவதுபோல, அதுவும் காதுக்குப் பழகிய சத்தம். அறிவியல் புத்தகத்தில் ஏதோ படித்துவிட்டு, நான் ஒரு கர்ச்சீப்பை மடித்து அம்மாவின் மூக்கில் கட்டி அனுப்பினேன். சாயங்காலம் அது அவள் இடுப்பில் செருகியிருந்தது.

"நூல் அறுந்துதுன்னா நுனிய வாயில வெச்சு ஈரம் பண்ணித்தாங் கண்ணு கோக்கோணும். மூக்கையும் வாயையும் கட்டீட்டு எப்புடிக் கோக்கறது?" என்றாள்.

ஒருமுறை டிவியில் சத்தம் வரவில்லை. வாங்கி நாலைந்து வருடம் இருக்கும். அப்பா பதறிப்போய் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். சிரித்த முகம், வாய் ஓயாத மனிதர். பின்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏனுங்கக்கா, இது நெசமாவே ஓடுன டிவிதானுங்களா? உள்ள கடையில இருந்து வந்தாப்பல இருக்குது. மத்த ஊட்டு டிவியத் தொறந்தா ஒரு தலகாணி தெக்கற அளவுக்குப் பஞ்சு எடுக்கலாமுங்க."

"எல்லாம் இவ தெச்ச உறைங்க" என்றார் அப்பா. அம்மாவைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். பற்றவைத்து மூடினார். "இன்னும் இருவது வருசத்துக்கு இது அசையாதுங்க." அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடிக்கும்வரை அவர் டீ டம்ளரோடு காத்திருந்தார். பிறகு, "மீதித் துணி இருந்தா உங்களுக்கும் ஒரு உறை தெச்சுப் போட்டுக்குங்கக்கா" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. பிறகு பல நாள் அதை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் உறை வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நான் பதினொன்றாவது படிக்கும்போது அம்மாவால் மிஷின் முன்னால் நிற்க முடியவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், "என்ன வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார். டாக்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பஞ்சினால்தான் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த வருடமும் ஆயுத பூஜைக்கு உறை தைத்தாள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போக வேண்டிய வெளிர்நீலத் துணி. அதில் அச்சடித்த கரடிக்கு ஒரு கண் விழாமல் போனதால் கழிந்து வந்தது. நான் மிஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொடுக்க, அவள் நிறுத்தி நிறுத்தித் தைத்தாள். "ஒத்தக் கண்ணா இருந்தாலும் நல்லாப் பாத்துக்குவான்" என்றாள். தை பிறக்கும்போது அவள் இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்த அன்று சாயங்காலம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போனேன். அதே வீடுதான். சுவருக்கு அந்தப்பக்கம் கம்பெனி இல்லை. இடம் மாறிப்போய், இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. அந்த மௌனம் எனக்கு இன்னும் பழகவில்லை.

டிவி அதே மூலையில், அதே கரடி உறையில்.

"இதக் குடுத்தர்லாங்களாப்பா? சின்னதா ஒண்ணு புதுசு வாங்கிக்கலாம்" என்றேன்.

"நல்லாத்தான ஓடுது சாமி."

"கேபிளே வரலீங்களே. இதுல என்னத்தப் பாக்கறீங்க?"

அப்பா எழுந்து, உறையைக் கழற்றி மடித்துக் கட்டில்மேல் வைத்து, டிவியைப் போட்டார். மெல்ல வெளிச்சம் வந்தது. நீலத் திரை. ஒரு கோடில்லை, ஒரு புள்ளியில்லை. மெக்கானிக் சொன்ன இருபது வருடம் நெருங்கிவிட்டது. அதற்குப் படம் அனுப்பத்தான் யாருமில்லை. பாப்பா அந்த நீலத்தைப் பார்த்துக் கைதட்டினாள். எங்கள் மூவரின் முகத்திலும் நீலம் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா அணைத்தார். பாப்பா கட்டிலிலிருந்து உறையை இழுத்து, ஒற்றைக் கண் கரடியை முகத்தோடு வைத்துக்கொண்டாள். வழக்கமாக என்றால் பிடுங்கியிருப்பேன், தூசி என்று. அன்றைக்குப் பிடுங்கவில்லை.

"குடுங்க கண்ணு, தாத்தா மூடோணும்" என்று அப்பா கை நீட்டினார். நான் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அவர் உடனே மூடவில்லை. டிவியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சூடு ஆறட்டும் என்று நின்றார்.