சீனத் தோழியின் கசாயம்

கொரோனாக் காலத்தின் இரண்டாவது குளிர்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு தளம் முழுவதற்கும் தொற்றியிருந்தது. சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. அறையை அவளுக்கு விட்டுவிட்டு நான் வெளியே சோபாவில் கிடந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

அவளோடு வேலைசெய்த சீனப் பெண் ஒருத்தி அடிக்கடி தொலைபேசியில் விசாரித்தாள். இங்கே வருமுன் சீனாவில் ஒரு வைத்தியசாலையில் மருத்துவராக இருந்தவள். அங்கே நுரையீரல் நோயாளிகளுக்கு ஊசி மருந்தையும் மூலிகைக் கசாயத்தையும் சேர்த்தே கொடுப்பார்கள் என்றாள். ஒரு காலை, எங்கள் கட்டட வாசலில் ஒரு பையை வைத்துவிட்டு, தூரத்தில் பனிக்குள் நின்று கையசைத்தாள். பைக்குள் வேர்களும் பட்டைகளும் காய்ந்த பூக்களும் இருந்தன.

அவள் சொன்னபடி காய்ச்சினேன். குவளையில் ஊற்றிக்கொண்டு அறைக்குள் போனபோதுதான் கட்டிலருகே இருந்த குளிசைப் போத்தல் கண்ணில் பட்டது. மனைவிக்கு இதய வால்வு மாற்றியிருந்தது. இரத்தம் உறையாமலிருக்க அந்தக் குளிசையை நாள் தவறாமல் எடுக்கவேண்டும். சாப்பிடும் கீரையின் அளவு மாறினாலே அதன் பலன் மாறிவிடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

"தாருங்கோ, குடிக்கிறன்," என்றாள்.

"கொஞ்சம் பொறும். டொக்டரைக் கேட்டிட்டுத் தாறன்."

"அவர் வேண்டாமெண்டுதான் சொல்லுவார்."

வைத்தியர் உடனே கிடைக்கவில்லை. குளிசைப் போத்தலைப் படமெடுத்துச் சீனத் தோழிக்கு அனுப்பினேன். அடுத்த கணமே அழைத்தாள். குடித்துவிட்டாளா என்று கேட்டாள். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டாள். இந்தக் குளிசை பற்றி ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றாள். பையிலிருந்த வேர்களில் ஒன்று இந்தக் குளிசையோடு சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியலாமாம். கசாயத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

பிறகு வைத்தியர் அழைத்தார். தமிழர். என் மனைவியை நெடுங்காலமாகப் பார்ப்பவர். நான் கசாயக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"ஊத்தினது நல்லது. அது கிடக்கட்டும், ஒக்சிசன் எவ்வளவு நிக்குது?"

தொண்ணூற்றைந்து என்றேன்.

"நீங்கள் பாத்ததோ, அவ சொன்னதோ?"

அவள் சொன்னதுதான். அறைக்குள் ஓடினேன். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அதைப் பிடித்து வெளியே எடுத்து, ஒக்சிசன் பார்க்கும் கருவியை விரலில் மாட்டினேன். எண்பத்தாறு. உதடு நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எங்கட வேலையிடத்திலயிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆக்கள் ஒருத்தரும் திரும்பி வரேல்லை," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "என்னை அனுப்பாதேங்கோ."

அம்புலன்ஸை அழைத்தேன். வந்தவர்கள் என்னை உடன் வரவிடவில்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

பிறகு தொலைபேசிதான் என் உலகம். ஒக்சிசன் கொடுத்தார்கள், குப்புறப் படுக்கவைத்தார்கள், ஸ்டீரொய்ட் ஏற்றினார்கள். செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம் என்று ஒரு மாலை தாதி சொன்னார். அன்று நான் சாப்பிடவில்லை. தேவைப்படவில்லை என்று அடுத்த நாள் சொன்னார்கள்.

மெலிந்து திரும்பி வந்தாள். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இருமித் துவண்டாள். கசாயத்தை மறுபடி அவள்தான் கேட்டாள். இந்த முறை வைத்தியரையும் சீனத் தோழியையும் ஒரே அழைப்பில் பேசவைத்தேன். தோழி ஒவ்வொரு மூலிகையாக விளக்க, அவர் குறுக்குக் கேள்வி கேட்டார். இரண்டுமுறை குரல் உயர்ந்தது. கடைசியில் அரைமனதோடு சம்மதித்தார். அந்த வேர் கூடாது, குளிசையை நிறுத்தக்கூடாது, கிழமைதோறும் இரத்தம் சோதிக்கவேண்டும். முதல் சோதனையிலேயே இரத்தம் கொஞ்சம் கூடுதலாக இளகியிருந்தது. வைத்தியர் நிறுத்தச் சொல்வதற்குள் தோழியே அளவைப் பாதியாக்கினாள்.

இருமல் மெல்லத் தணிந்தது. அவள் உயிரைக் காத்தது ஆஸ்பத்திரிதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. இருமலை ஆற்றியது கசாயமா, காலமா என்று தோழியிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றாள்.

வசந்தத்தில் மனைவி வேலைக்குத் திரும்பினாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சப்வே ரயில் நிலைய வாசல் வரை அவளோடு நடந்தேன். படியில் ஒருமுறை நின்று மூச்செடுத்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.