ஸ்கேனில் ஒன்றுமில்லை

முளை கட்டிய விதைநெல்லை என் மாமனார் மறுபடியும் வாய்க்காலில் ஊறப்போட்டபோதுதான் எனக்கு முதன்முதலில் பயம் வந்தது. ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் சாக்கால் மூடி மூட்டம் போட்டு, வெள்ளை முளை எட்டிப் பார்த்த மூட்டை அது. நாற்றங்காலுக்குப் போக வேண்டியது. நாற்பது வருடம் குறுவை போட்டவர், அதைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, இன்றைக்குத்தான் ஊறவே போட்டதாகச் சாதித்தார். விதை அழுகியது. ஊர் சிரித்தது.

மகளைப் பள்ளியிலிருந்து சைக்கிளில் அழைத்துவருவது அவர்தான். அதை நிறுத்தினேன். சிங்கப்பூரிலிருந்த கணவரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்து, மாமனாருக்குத் தஞ்சாவூரில் தலை ஸ்கேன் எடுத்தேன். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, வயதுக்கேற்ற சுருக்கம்தான் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். விதைநெல் விஷயம் என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சுல்ல. எங்கப்பாவ நோயாளி ஆக்காத," என்றார் கணவர் போனில்.

ஃபிலிம் உறை, பட்டா சிட்டாவோடு பெட்டிக்குள் பத்திரமானது. டிகிரி முடித்தவள் நான், என் கண்ணைவிட அந்தப் படத்தை நம்பினேன். மகளை அழைத்துவரத் திரும்பவும் அவரையே அனுப்பினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் தனியாக வந்தார். ஹேண்டில்பாரில் அவளுடைய சாப்பாட்டுப் பை மட்டும் ஆடியது.

"பாப்பா எங்க மாமா?"

"நீ கூட்டியாரலியாம்மா?"

ஓடினேன். பாதி வழியில், வாய்க்கால் மதகின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள், ஐந்து வயதுக்காரி. கீழே தண்ணீர் கரை தட்டி ஓடியது. வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன், இங்கேயே இரு என்று தாத்தா சொன்னாராம்.

திருச்சியில் வேறொரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஞாபகத்துக்கான இடம் சுருங்கியிருப்பதைப் பேனாவால் காட்டினார். அல்சைமராகத்தான் தெரிகிறது என்றார். பழைய படமும் பொய்யில்லையாம். ஆரம்பத்தில் படம் சாதாரணமாகவே தெரியலாமாம்.

"வீட்ல இருக்கறவங்க என்ன பாத்தாங்கங்கறதுதாம்மா அப்ப முக்கியம். உங்கள யாரும் கேக்கலையா?"

யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை. அந்த இரண்டில் எதன் மீது எனக்குக் கோபம் அதிகம் என்று இன்றும் தெரியவில்லை.

அந்த வாரம் போனில் கணவர் கேட்டார்: "இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

கல்யாணமானதிலிருந்து அவர் பேசி முடிக்குமுன் நான் போனை வைத்ததில்லை. அன்று வைத்தேன்.

சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தினமும் மூன்றரை மணிக்கு மாமனார் சாவியைத் தேடினார். நான் திருடிவிட்டதாகத் தெருவுக்கே கேட்கத் திட்டினார். திட்டட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.