எங்கே என்று கேட்க முடியாத அக்கா

அக்காவின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் வரிசையாக எழுதித் தரும்படி, இந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்காக உறவினர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு அது எளிது என்று நினைத்திருப்பார்கள். எளிதாக இல்லை. என் நாட்குறிப்புகளில் அக்காவைப் பற்றி அதிகம் வரும் வாக்கியம், “காலையில் புறப்பட்டார், எங்கே என்று தெரியவில்லை” என்பதுதான்.

அக்கா பிறந்தது சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருபது வயதில் திருமணமாகிக் கடலூரை அடுத்த குடிகாட்டுக்கு வந்தார். மாமா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். மாரடைப்பில் மாமா தவறியபோது அக்காவுக்கு முப்பத்தாறு வயது, மகளுக்குப் பத்து. பிறகு ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்க வைத்தார்.

கடலூரில் வெள்ளம் வந்த ஓர் ஆண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ப் பள்ளியைத் திறந்து, அங்கே தங்கியவர்களுக்கு மூன்று நாள் சோறு ஆக்கிப் போட்டார். இதைக் கேட்டுப் பலரும் நெகிழ்கிறார்கள். அந்த மூன்று நாளும் அவரைத் தேடி அலைந்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாற்பது வயதில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தது நான். அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்றதும், மகள் ஓசூரில் குடியேறிவிட்டதால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களோடு வந்து இருந்தார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். யாராவது கேட்டுவிட்டால், புறப்பட்டவர் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அக்கா ராகு காலத்தில் ஊருக்குப் புறப்படுவார், பூனை குறுக்கே போனால் அதனிடம் பேசிவிட்டுப் போவார். ஆனால் இந்த ஒரு வழக்கத்தை மட்டும் உயிராகப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவார். ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாகக் குடிப்பார். பேருந்து போய்விட்டால் பழி என்மேல். பிறகு பதில் சொல்லாமலே கிளம்பிவிடுவார்.

அறுபத்தொரு வயதில் பர்வதமலை ஏறியது, அவர் வீங்கிய காலோடு திரும்பி வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். கூடவே முன்பின் அறியாத மூன்று பெண்களும் வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். போகும்போது என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா பழகிவைத்திருக்கும் மனிதர்கள் எல்லாம் அப்படித்தான்.

கடைசி ஆண்டில் அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. இனி தனியாக எங்கேயும் போகக் கூடாது என்று மருத்துவர் என் முன்னாலேயே சொன்னார். அன்று முதல் எனக்கு ஒரே பயம்தான். முன்பின் தெரியாத ஊரில், ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் அக்கா விழுந்துவிடுவார். பெயர், தொலைபேசி எண், மாத்திரை விவரம் எல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் பையில் வைத்தேன். அதில் முறுக்கை மடித்து யாரோ ஒருவரின் குழந்தையிடம் கொடுத்துவிட்டார்.

மார்கழியில் ஒரு நாள் காலை ஆளைக் காணோம். அவருடைய கைபேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. பதினொரு வீடுகளுக்குப் பேசினேன். கடைசியில் தெருமுனைப் பூக்காரம்மா சொன்னார், தன் மாமியாரையும் குடிகாட்டுப் பெண்கள் இருவரையும் படகில் ஏற்றிக் காட்ட அக்கா பிச்சாவரம் அழைத்துப் போயிருக்கிறார் என்று. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாத்திரைகளோடு போனேன். படகுத் துறையில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றேன். அக்கா படகுக்காரரின் தோளைப் பிடித்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

“மாத்திர கொண்டாந்தியா? குடு.”

“ஏங்க்கா, ஒரு வார்த்த சொல்லிட்டு வரக் கூடாதா? எங்கியாவுது வுழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?”

“சொன்னா நீ வுட மாட்ட. கேட்டா நான் போவ முடியாது. நான் என்னாதான்டா பண்றது?”

திரும்பும் வழியில் அவரே தீர்ப்பும் சொன்னார். “நீ கேக்காத. பேசாம கூட வந்துடு. வுழுந்தா நீயே தூக்கிக்கலாம்.”

அதன்பின் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. யாரென்றே தெரியாத ஒரு குழந்தையின் காதுகுத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் ஆட்டுக்குட்டிக்குக் காவல் இருந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஒப்பந்தம் அப்படி.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது பத்துக்குக் கடலூரில் பேருந்து ஏறினோம். அக்கா நடத்துநரிடம், “சிதம்பரம் ரெண்டு” என்றார். அதற்கு மேல் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றிவிடச் சொன்னார். ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவர் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்றே நினைத்தேன். எத்தனை நிமிடம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் என்னால் சரியாக எழுத முடியவில்லை.

அந்த ஓட்டுநர் வேறு எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் நேராக மருத்துவமனை வாசலுக்கே பேருந்தைக் கொண்டுபோனார். நடத்துநர் அக்காவைத் தூக்க உதவினார். முன் இருக்கைப் பெண்மணி முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். பயணிகள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் அனைவருக்கும், காரியங்களில் உடன் நின்ற தெருவாருக்கும், உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அக்கா தனியாக விழவில்லை.

இன்னும் ஒரு வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிள்ளையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அக்காவிடம் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவராம். அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது அவர் வீட்டுக்கு.

“அக்கா மொத நாளே போன் பண்ணிச்சி சார். ‘என் தம்பியக் கூட்டியாறேன். அவன் நண்டு துன்ன மாட்டான், காரம் ஆவாது, கரெக்டா ஒரு மணிக்கு சோறு வெச்சிடணும், இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவான்’னு சொல்லிச்சி. எல போட்டு வெச்சிக்கினு நாலு மணி வரைக்கும் பாத்தோம்.”

அன்று அவரிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். சொன்ன நேரத்துக்கு எங்களால் வர இயலாமல் போனதற்கு, அக்காவின் சார்பிலும் என் சார்பிலும் அவ்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காரமில்லாமல் சமைத்துக் காத்திருந்ததற்கு நன்றி.