சத்தம் வராத பெட்டி

கண் தெரியாத ஒருவருக்காக டிவியில் மாட்டும் பெட்டி தேடி அலைந்தவன் சங்கரன்கோவிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அலுவலகத்தில் சொன்னபோது பக்கத்து மேஜைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்றுமில்லாத கோப்பு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

அப்பாவின் கண்களைச் சர்க்கரை வியாதி கொண்டுபோனது. முதலில் இடது, ஒன்றரை வருஷம் கழித்து வலது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தோம். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிற அளவில் வந்து நின்றது. பனவடலிசத்திரம் பக்கம் இருந்த புஞ்சையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என் வீட்டோடு வந்துவிட்டார்.

என் தங்கை இறந்து பத்து வருஷம் ஆகிறது. ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். காய்ச்சல் என்று படுத்தவள் ஆறாம் நாள் போய்விட்டாள். கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அவளுக்கு ஏழு வயதாகும்போதே அம்மா போய்விட்டதால் அப்பாதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தார். புஞ்சையில் வரப்பு வெட்டுகிற கை அது. பின்னல் ஒருபக்கம் கோணிக்கொண்டுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வருவாள், ஆனால் அடுத்த வீட்டு அத்தை பின்னிவிடுகிறேன் என்று கூப்பிட்டால் போகமாட்டாள்.

பார்வை இருந்தவரை அப்பா காலையில் குளித்துவிட்டு வந்து அவள் போட்டோ முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். திருநீறு பூசிக்கொண்டு போய்விடுவார். கண் போனபின் ஒருநாள் சுவரைத் தடவிக்கொண்டே வந்து போட்டோவின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் என்னிடம் கேட்டார்.

"ஏலே, அவ பேசினது ஏதாச்சும் இருக்கா?"

இல்லை. அவள் இருந்த காலத்தில் எங்களிடம் இருந்ததெல்லாம் பட்டன் போன். பேசினோம், வைத்தோம். ஒரு குரலைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இருப்பது கல்யாண டிவிடி மட்டும்தான் என்றேன். அப்பா அதைத்தான் எதிர்பார்த்திருந்தார் போல. கல்யாணத்தன்று சாயங்காலம் அவள் காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"மேளச் சத்தத்துல எனக்குக் கேக்கலடே. கேட்டமாரி தலைய ஆட்டிட்டேன். பொறவு கேட்டா, ஞாபகம் இல்லப்பான்னு சிரிச்சிட்டா. கேமராக்காரன் அவ மூஞ்சிகிட்டதான் நின்னான். அதுல இருக்கும்."

பதிமூன்று வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் கட்டிலையும் பீரோவையும் லோடு ஆட்டோவில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். பீரோ கண்ணாடி உடைந்தால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும் என்கிற கவலை எனக்கு.

டிவிடி பிளேயர் எப்போதோ செத்து, பரணில் கிடந்தது. தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் வட்டுகளைக் கொடுத்து, இருப்பதை இருந்தபடியே ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். டிவியின் முதுகில் செருகினால், இந்த வகைக் கோப்பு எனக்கு ஆகாது என்று டிவி சொல்லிவிட்டது. டிவியில் செருகி இணையத்தில் படம் பார்க்கிற ஸ்டிக் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதில் உலகத்துப் படமெல்லாம் வந்தது, பென்டிரைவைச் செருக ஓட்டை மட்டும் இல்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டாமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நியாயமாகக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், வந்தது.

அடுத்து கடைக்காரர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். எது போட்டாலும் ஓடும் என்றார். மாட்டினேன். படம் வந்தது. வாழைமரம், வரவேற்புப் பலகை, பந்தி, எல்லோரும் பதிமூன்று வயது குறைந்து நடமாடினார்கள். தங்கை மணவறையில் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

அப்பா நாற்காலியை டிவிக்கு இரண்டடி தூரத்தில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். என் மனைவி பக்கத்தில் நின்று, இப்போ மாலை மாத்துதாங்க மாமா, இப்போ விளக்கு எடுத்துட்டு வருதாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ரிமோட்டில் உள்ள எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். பெட்டியில் கோளாறு, வேறு வாங்கினால் சத்தம் வந்துவிடும் என்றேன். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. படம் வந்துட்டு, இனி சத்தம்தானே என்று என் மனைவியிடம் இரண்டு முறை சொன்னார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். அந்தக் காலத்து டிவிடி சத்தத்தைப் படிக்கிற மென்பொருள் இந்தப் பெட்டியில் இல்லை என்று விளக்கினார். மினி கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் அதில் ஓடாதது எதுவுமே இல்லையாம். மூன்று நான்கு எடுத்து வைத்தார். டிபன் பாக்ஸ் அளவில் ஒன்று, அதைவிடச் சிறியதாக ஒன்று. மெமரி, வேகம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன், உள்ளே விசிறி ஓடுகிறதா இல்லையா. ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். ஒன்று பம்பரம்போல் ரீங்காரம் போட்டது. அவள் பேசும்போது இடையில் எந்தச் சத்தமும் வரக் கூடாது என்று விசிறியே இல்லாததைத் தேர்ந்தெடுத்தேன். தனியாக ஒரு நல்ல ஸ்பீக்கரும் எடுத்தேன்.

பணத்தை எடுக்கும்போது கடைக்காரர் கேட்டார். "அண்ணாச்சி, கல்யாண வீடியோதான? பாட்டுப் போட்டிருப்பாங்களே?"

எனக்குத் தெரியாதா? நம் ஊரில் கல்யாண வீடியோ என்றால் தொடக்கத்திலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுதான். தாலி கட்டுவதற்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, மறுவீட்டுக்கு ஒரு பாட்டு. மனிதர்கள் ஊமைகளாக வாயசைப்பார்கள். ஆனால் அழுகிற இடத்தில் மட்டும் அசல் சத்தத்தை விடுவார்கள், பல வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். எங்களுடையதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது. பெட்டியில் சத்தம் வராத பத்து நாளும் அந்த மௌனத்துக்குள் அவள் குரல் பத்திரமாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, மாட்டினோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் நொடியிலேயே பாட்டு வந்தது. வரட்டும், இது வரவேற்பு என்று இருந்தேன். தாலி கட்டுக்குப் பாட்டு. பந்திக்குப் பாட்டு. சாயங்காலம் கார் வந்து நின்றது. கார் கதவு திறந்தபோது புதிதாக ஒரு பாட்டு தொடங்கியது. முதல் வாத்திய ஒலி காதில் விழுந்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அந்தப் பாட்டை அங்கே போடச் சொன்னது யார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான்தான். பாட்டுகளை வரிசைப்படுத்தி அலுவலகத் தாளில் எழுதிக்கொண்டு போய் ஸ்டுடியோவில் கொடுத்தவன் நான். வண்டி ஏறுகிற இடத்துக்கு மட்டும் அசல் சத்தத்தையே விட்டுவிடலாமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். மேளத்துக்கு மேலே எங்கள் சித்திமார் ஒப்பாரிபோல் அழுதார்கள். யாரோ கெட்ட வார்த்தையில் கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்தினார்கள். நானாகவே இருக்கலாம். அலுவலகத்து ஆட்களும் சம்பந்தி வீட்டாரும் பார்க்கிற வீடியோவில் இந்தப் பட்டிக்காட்டுக் கூச்சல் எதற்கு என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கூச்சலின் நடுவில் அவள் குரலும் கேட்டது. மூன்று நான்கு வார்த்தை. ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அங்கேயும் பாட்டையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன வார்த்தை என்று எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன், அதை அழிக்கச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

திரையில் அவள் கண்ணாடியை இறக்கினாள். உதடு அசைந்தது. கார் பக்கத்தில் நின்ற அன்றைய அப்பா ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

"என்னலே, பாட்டு கேக்கு" என்றார் அப்பா.

"ஆமாப்பா. ஸ்டுடியோக்காரன் போட்டுட்டான்."

மறுநாள் அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். இப்போது அங்கே பிளக்ஸ் அடிக்கிறார்கள். அதே ஆள்தான், தலை நரைத்திருந்தது. கேமராவில் போட்டுப் படம் பிடித்த அந்தச் சின்னக் கேசட்டையெல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி பயன்படுத்திவிடுவது வழக்கம் என்றார். அவள் பேசியதன் மேல் வேறு யாரோ கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்மேல் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து கேசட் இல்லை என்று மட்டும் சொன்னேன். அப்பா காபி கொண்டுவரச் சொன்னார். அப்புறம் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏறும்போது வந்த பாட்டு, அது அவளாப் பாத்துப் போடச் சொன்னதா இருக்கும், என்ன?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அது நான் கல்லூரியில் படிக்கும்போது எனக்குப் பிடித்த பாட்டு. ஒரு காதல் ஜோடி மழையில் பாடுவது. அப்பனுக்கும் மகளுக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. அவளிடம் உனக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்கவே இல்லை.

"ஆமாப்பா, அவ சொன்னதுதான்" என்றேன்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நான் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அந்த இடத்தைப் போடச் சொல்கிறார். பெட்டி நன்றாக உழைக்கிறது. விசிறிச் சத்தம் இல்லை, ஒரு சொல் பிசகாமல் பாட்டு கேட்கிறது. நேற்றும் போட்டேன். அப்பா திரைக்கு முகத்தைக் கொடுத்து, எல்லாம் கேட்டுவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.